இரண்டாம் காதலுக்குச் சிறுநகரம் கேட்கும் விலை

தமிழ்நாட்டில் தாலுகா அலுவலகம் இருக்கும் ஊர்களில் பெரும்பாலும் ஒரு சார்நிலைக் கருவூலமும் இருக்கும். அரசுப் பணியில் இருந்து இறந்தவரின் மனைவி, குடும்ப ஓய்வூதியம் நிற்காமல் வர வேண்டுமானால், ஆண்டுதோறும் நேர்காணலில் இரண்டு விஷயங்களை உறுதிப்படுத்த வேண்டும். தான் உயிரோடு இருப்பது ஒன்று. மறுமணம் செய்துகொள்ளவில்லை என்பது இன்னொன்று. மில்லிலோ பட்டாசு ஆலையிலோ வேலை பார்த்து இறந்தவரின் மனைவிக்கும், வருங்கால வைப்பு நிதியின் ஓய்வூதியம் வருகிறதென்றால், இதே இரண்டு சான்றுகள்தான். கணவனை இழந்தவள் மறுபடி ஒரு துணையைத் தேடிக்கொள்ள ஏன் தயங்குகிறாள் என்று கேட்டால் பண்பாடு, மதம், ஊர்வாய் என்று பதில் வரும். அவை பொய்யல்ல. ஆனால் அவற்றுக்கு அடியில் வீடு, நிலம், ஓய்வூதியம், மகளுக்கு அமைய வேண்டிய வரன் ஆகியவற்றைப் பற்றிய ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கணக்கை அப்படியே விட்டுவிட்டு, மனப்பான்மையை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொல்லி 150 ஆண்டுகளுக்கும் மேலாகப் பேசிவருகிறோம். மறுமணம் இன்றும் அரிதாக இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம் என்பது என் வாதம்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கணவனை இழந்த பெண்கள் 4 கோடிக்கும் மேல். மனைவியை இழந்து தனித்திருக்கும் ஆண்கள் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மணமக்களுக்கு இடையே உள்ள வயது வித்தியாசமும், ஆண்கள் சீக்கிரம் இறப்பதும் இதற்குக் காரணம். இன்னொரு காரணம், மனைவியை இழந்த ஆண் மறுமணம் செய்துகொண்டு அந்தப் பட்டியலிலிருந்தே வெளியேறிவிடுகிறார் என்பது. பெண்ணுக்கு அந்த வாசல் அவ்வளவு எளிதில் திறப்பதில்லை. மார்த்தா சென் 1990களில் தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களின் கிராமங்களில் கணவனை இழந்த பெண்களை ஆய்வு செய்தபோதும், அவர்களில் மறுமணம் செய்தவர்கள் சிறு பகுதியினராகவே இருந்தனர்.

இது தொன்றுதொட்டு வந்த தமிழ்ப் பண்பாடு என்று சொல்வதில் ஒரு பாதிதான் உண்மை. கைம்மை நோன்பின் கடுமையைப் புறநானூறு காட்டுகிறது என்பது சரி. ஆனால் உழைத்துப் பிழைத்த சாதிகள் பலவற்றில் அறுத்துக்கட்டுவது வழக்கமாகவே இருந்தது. தாலி அறுத்தவள் இன்னொரு தாலி கட்டிக்கொள்வாள். முதல் திருமணத்தின் ஆடம்பரம் இருக்காது. ஊர் அதை ஏற்றுக்கொள்ளும். எட்கர் தர்ஸ்டனும் ரங்காச்சாரியும் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில், விதவை மறுமணத்தை அனுமதிக்கும் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றிய குறிப்புகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பிரமலைக் கள்ளர்களைப் பற்றி எழுதிய லூயி துமோனும் மணமுறிவும் மறுமணமும் அங்கே சாதாரணமாக நடந்ததைப் பதிவு செய்திருக்கிறார். களையெடுப்பும் நாற்றுநடவும் சந்தை வியாபாரமும் பெண்ணின் கையில் இருந்த வீடுகளில், அவள் தனியாக நிற்பதைவிட இன்னொரு குடும்பத்தில் சேர்வது எல்லோருக்கும் நன்மையாக இருந்தது. அந்தச் சாதிகளில் சில பொருளாதாரத்தில் மேலே வந்தபோது, மேல்சாதி என்ற மதிப்பைப் பெறுவதற்காக முதலில் கைவிட்ட வழக்கங்களில் இதுவும் ஒன்று. எம்.என்.சீனிவாஸ் சமஸ்கிருதமயமாக்கல் என்று பெயரிட்டு விளக்கிய மாற்றம் இதுதான். நிலமும் பணமும் வந்த பிறகு விதவையின் உடல் குடும்ப கௌரவத்தின் காவல் எல்லைக்குள் வந்தது. ஆக, தடை எல்லோருக்கும் பழமையானதல்ல; பல குடும்பங்களில் அது தாத்தா காலத்துப் புதுமை.

சட்டமும் இதே பாதையில்தான் நடந்தது. ஈசுவர சந்திர வித்யாசாகரின் இடைவிடாத முயற்சியால் 1856இல் இந்து விதவைகள் மறுமணச் சட்டம் வந்தது. மறுமணம் செல்லும், பிறக்கும் பிள்ளைகள் முறையானவர்கள் என்று அது அறிவித்தது. அதே சட்டத்தின் 2ஆம் பிரிவு, மறுமணம் செய்தவள் இறந்த கணவனின் சொத்தில் தனக்கிருந்த உரிமையை, அந்த நேரத்தில் அவளே இறந்துபோனால் எப்படியோ அப்படி, இழந்துவிடுவாள் என்றும் விதித்தது. பாடநூல்களில் முதல் பாதி மட்டும் இருக்கிறது. இந்த இரண்டாம் பாதியைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. லூசி கரோல் 1983இல் எழுதிய ஆய்வில் இதன் விளைவைத் துல்லியமாக எடுத்துக்காட்டினார். மறுமணம் வழக்கமாக இருந்த சாதிகளின் பெண்களுக்கு இந்தச் சட்டத்தின் அனுமதி தேவைப்படவே இல்லை. ஆனால் அதன் தண்டனை அவர்கள் மீதும் விழுந்தது. அலகாபாத் உயர் நீதிமன்றம் மட்டும், வழக்கப்படி மறுமணம் செய்பவர்களுக்குச் சொத்திழப்பு பொருந்தாது என்ற நிலைப்பாட்டை எடுத்தது. சென்னை உயர் நீதிமன்றமோ 1877இலேயே ஒரு மறவர் பெண்ணின் வழக்கில், சாதி வழக்கம் மறுமணத்தை அனுமதித்தாலும் முதல் கணவனின் சொத்து அவளுக்கு இல்லை என்று தீர்த்தது. பங்காளிகளுக்கு இது எவ்வளவு பெரிய லாபம் என்பதை விளக்க வேண்டியதில்லை. பிற்காலத்தில் சட்டம் திருந்தியது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் விதவைக்குக் கணவன் சொத்தில் முழு உரிமை தந்தது. 1983இல் பழைய மறுமணச் சட்டம் நீக்கப்பட்டது. மறுமணம் செய்த மருமகள் போன்றோரை விலக்கிவைத்த, வாரிசுரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவும் 2005இல் போனது. இன்று மறுமணம் செய்வதால் முதல் கணவனிடமிருந்து வந்த பங்கு பறிபோகாது என்பதை உச்ச நீதிமன்றம் 2008இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இருந்தும் சிறுநகரத்துச் சார்பதிவாளர் அலுவலகங்களில் ‘விடுதலைப் பத்திரம்’ எழுதப்படுகிறது. மறுமணப் பேச்சு எழுந்ததும் மாமியார் வீட்டார், சில நேரம் சொந்த அண்ணன்மாரே, “பங்கை எழுதிக் குடுத்துட்டுப் போம்மா” என்கிறார்கள். சட்டம் கைவிட்ட விதியை உறவு நடைமுறையில் வைத்துக்கொண்டிருக்கிறது.

சீர்திருத்தக்காரர்களின் பங்களிப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. 1881 டிசம்பரில் ராஜமுந்திரியில் கந்துகூரி வீரேசலிங்கம் நடத்திய திருமணமும், 1889இல் ‘இந்து’ பத்திரிகையின் நிறுவனர் ஜி.சுப்பிரமணிய ஐயர் தம் மகளுக்குச் செய்துவைத்த மறுமணமும் சாதிவிலக்கைத் துணிந்து ஏற்ற செயல்கள். பெரியார் பொதுவாழ்க்கைக்கு வருவதற்கு முன்பே தம் தங்கையின் மகளுக்கு மறுமணம் செய்துவைத்தார். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு விதவை மறுமணத்தையும் பெண்ணின் சொத்துரிமையையும் ஒரே மேடையில் தீர்மானமாக்கியது. அந்த இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும் என்று அந்த மாநாடு அன்றே கண்டுகொண்டது. ஆனால் அந்தக் காலத்துப் பேச்சின் மையத்தில் இருந்தவள் குழந்தை விதவை. ஒன்றுமறியாத சிறுமி, வாழ்க்கையையே பார்க்காதவள், அவளுக்கு ஏன் இந்தத் தண்டனை என்பதே அன்றைய கேள்வி. மனதை உலுக்கும் கேள்விதான், அ.மாதவையா 1903இல் ‘முத்துமீனாட்சி’ எழுதியதும் அந்த உலுக்கலில்தான். அதன் மறுபக்கத்தை யாரும் கவனிக்கவில்லை. அறியாமையின் பேரில் மறுமணத்தை நியாயப்படுத்தினால், வாழ்க்கையை அறிந்தவளுக்கு நியாயம் மிச்சமிருக்காது. பதினைந்து ஆண்டு குடும்பம் நடத்தி, இரண்டு பிள்ளைகளைப் பெற்று, 42 வயதில் கணவனை மாரடைப்பிலோ சாலை விபத்திலோ குடியிலோ இழந்தவள் அந்த வாதத்துக்குள் வரவே மாட்டாள். இன்றைய சிறுநகரத்தில் இருப்பவள் அவள்தான்.

தமிழ்நாடு அரசு 1975இல் தொடங்கி நடத்திவரும் டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் நினைவு விதவை மறுமண நிதியுதவித் திட்டத்தில் இந்தப் பழைய பிம்பத்தின் நிழலைக் காணலாம். நல்ல நோக்கம் கொண்ட திட்டம். உதவித்தொகையும் தாலிக்கு 8 கிராம் தங்கமும் தந்து, மறுமணத்துக்கு அரசின் வாழ்த்தையும் சேர்த்து வழங்கியது. ஆனால் அது வகுத்த தகுதிகளில் மணமகளுக்குக் குறைந்தபட்சம் 20 வயது, மணமகனுக்கு 40 வயதுக்குள். மனைவியை இழந்த 48 வயது மளிகைக்கடைக்காரரும் கணவனை இழந்த 43 வயது அங்கன்வாடிப் பணியாளரும் சேர்ந்து வாழ விரும்பினால், அந்த வரம்புக்குள் அவர்களுக்கு இடமில்லை. பெண்ணின் இளமையைக் காப்பாற்றும் ஏற்பாடாகவே மறுமணம் பார்க்கப்படுகிறது. இரண்டு முதிர்ந்த மனிதர்களின் விருப்பமாக அதைப் பார்க்கும் பழக்கம் நிர்வாகத்துக்கு இன்னும் வரவில்லை.

இனி ஓய்வூதியத்துக்கு வருவோம். அரசு ஊழியரின் குடும்ப ஓய்வூதியம் பொதுவாகக் கடைசிச் சம்பளத்தில் 30 விழுக்காடு. அது மறுமணத்தோடு நின்றுவிடும். மத்திய அரசு விதிகளில் 2006 முதல் ஒரு விலக்கு உண்டு: குழந்தை இல்லாத விதவை மறுமணம் செய்தாலும், சொந்த வருமானம் ஒரு வரம்பைத் தாண்டாதவரை பெறலாம். குழந்தை இருப்பவளுக்கு அது இல்லை. தொகை பிள்ளைகளின் பெயருக்குப் போகிறது. 1995ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் விதவை ஓய்வூதியம் இறப்பு அல்லது மறுமணம், எது முந்தியதோ அதுவரைதான். அவள் மறுமணம் செய்துகொண்டால் முதல் கணவனின் பிள்ளைகள் அநாதைகளுக்குரிய ஓய்வூதியத்துக்கு மாற்றப்படுகிறார்கள். பிள்ளைகளுக்கு வரும் தொகை கூடும் என்பது உண்மை. ஆனால் தாய் அடுத்த அறையில் பள்ளிக்கூடத்துக்குச் சோறு கட்டிக்கொண்டிருக்கும்போது பிள்ளை கோப்பில் அநாதையாக இருக்கிறான். மறுமணம் செய்தவளை இறந்தவளாகக் கொண்ட 1856ஆம் ஆண்டுச் சட்டத்தின் கற்பனை இங்கே உயிரோடிருக்கிறது. கூலித் தொழிலாளர் வீட்டுப் பெண்ணுக்கோ மாநில அரசின் ஆதரவற்ற விதவை உதவித்தொகை 2023 ஆகஸ்டு முதல் மாதம் 1,200 ரூபாய். அதுவும் மறுமணம் ஆனால் இல்லை. நகரத்தில் அந்தத் தொகை ஒரு வாரச் செலவுக்குக் காணாது. சொந்த வீடும் ரேஷன் அரிசியும் உள்ள ஒரு பேரூராட்சியில், பிள்ளையிடம் கை நீட்டாமல் மாத்திரையும் பேருந்துக் கட்டணமும் பார்த்துக்கொள்ள உதவும் காசு அது.

கணவன் இல்லாததால் தரப்படும் பணம், கணவன் வந்தபின் எதற்கு என்ற கேள்வி இங்கே எழும். பொதுப்பணத்தில் பொறுப்பு வேண்டும் என்ற அளவில் அது நியாயமான கேள்வி. ஆதரவற்றோர் உதவித்தொகைக்கு அது ஓரளவு பொருந்தவும் செய்யும். வறுமையை அளந்து தரும் உதவியை, வறுமை தீர்ந்ததா என்று பார்த்து நிறுத்தலாம். ஆனால் அங்கேயும் அளக்க வேண்டியது வருமானத்தை, திருமணத்தை அல்ல. பங்களிப்பு ஓய்வூதியத்துக்கு இந்த வாதம் துளியும் பொருந்தாது. ஊழியரின் ஊதியக் கணக்கில் 8.33 விழுக்காடு முதலாளியின் பங்கிலிருந்து மாதந்தோறும் ஓய்வூதிய நிதிக்குப் போயிற்று. அது தள்ளிவைக்கப்பட்ட ஊதியம். அவர் 25 ஆண்டு ஷிப்டுக்குப் போக முடிந்தது வீட்டில் ஒருத்தி விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து உலை வைத்ததால். அந்த ஊதியத்தில் அவளுடைய உழைப்பும் இருக்கிறது. விதவைக்கு வேறு வேலை கிடைத்தாலோ மகன் வெளிநாட்டுக்குச் சென்று சம்பாதித்தாலோ ஊழியர் ஓய்வூதியம் நிற்பதில்லை. மறுமணம் செய்தால் மட்டும் நிற்கிறது. தேவையை அளக்கும் விதியாக இருந்தால் இப்படி இருக்காது. இந்த விதி காதலைத் தடுப்பதும் இல்லை என்பதுதான் இன்னும் கசப்பானது. திருமணத்தை மட்டும் தடுக்கிறது. பதிவு செய்யாமல், தாலி கட்டாமல், இரண்டு வீடாகவே இருந்து பழகுகிறார்கள். ஊர் அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர் வைக்கிறது. அந்த ஆண் இறந்தால் அவர் வீட்டுத் திண்ணையில்கூட அவளுக்கு உட்கார இடமில்லை. ஊர்வாயைக் குறை சொல்லும்போது, அதன் வாய்க்கு அவலைக் கொடுத்தது எந்த விதி என்றும் பார்க்க வேண்டும்.

மறுபடி காதல் அரும்புவதற்குச் சிறுநகரம் ஏற்ற இடமில்லை என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. தமிழ் சினிமாவும் அப்படித்தான் நினைக்கிறது. துணையை இழந்த இருவர் சேரும் ‘ரிதம்’ (2000) மும்பையில் நடக்கிறது, ‘ப.பாண்டி’யில் (2017) மனைவியை இழந்த முதியவர் பழைய காதலியைத் தேடிச் சென்னையை விட்டு ஐதராபாத் போகிறார். தெரிந்தவர் கண்ணில் படாத தூரம் வேண்டும் என்ற நினைப்பு. உண்மையில் முதிர்ந்த வயதுக் காதலுக்கு வேண்டிய முக்கியமான ஒன்று சிறுநகரத்தில்தான் தாராளமாகக் கிடைக்கிறது: நெடுநாள் பழக்கம். அரசு மருத்துவமனை புறநோயாளிப் பிரிவில் சீட்டு வாங்கும் வரிசையிலும், காலை ஏழரை மணி நகரப் பேருந்திலும், பிரதோஷத்தன்று கோயில் பிராகாரத்திலும் அதே முகங்கள் வருகின்றன. ஒருவரின் இழப்பை மற்றவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. சாவு வீட்டுக்கு வந்து போனவர்தான். இறந்தவரின் குணத்தை, கோபத்தை, கடைசி நாட்களின் வேதனையை அறிந்தவரிடம் அழுகையை விளக்க வேண்டியதில்லை. இது பெருநகரத்தின் மணமகன் தேடும் இணையதளத்தில் கிடைக்காத ஒன்று. இரண்டாம் காதல் முதல் அன்பை அழித்துவிடும் என்ற பயத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. இரண்டு பேரின் கூடத்துச் சுவரிலும் மாலை போட்டு, சின்ன விளக்கு எரியும் ஒரு படம் இருக்கிறது. சேர்ந்து வாழும்போது அந்த இரண்டு படங்களும் ஒரே சுவருக்கு வருவதில் எந்தத் துரோகமும் இல்லை. திதி வரும் நாளில் இலை போட்டுப் படையல் வைக்க உதவுவது புதிய துணையாக இருக்கலாம். துக்கம் முடிந்தால்தான் அன்பு தொடங்கலாம் என்று எந்த மனித மனதுக்கும் விதி இல்லை.

பணமே அடிப்படை என்றால், சொந்தச் சம்பளம் வாங்கும் ஆசிரியைகளும் செவிலியர்களும் தாராளமாக மறுமணம் செய்துகொண்டிருக்க வேண்டுமே, ஏன் இல்லை? என் வாதத்துக்கு எதிராக எழுப்பக்கூடிய வலுவான கேள்வி இதுதான். கருணை அடிப்படையில் வேலை பெற்ற விதவை மறுமணம் செய்தாலும் பணியில் தொடரலாம் என்று மத்திய அரசின் விதியே சொல்கிறது. அப்படியும் பலர் தயங்குகிறார்கள். மறுமணத்துக்கு மதத்தடை இல்லாத முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களிலும் தயக்கம் இருக்கிறது. ஆகவே ஓய்வூதியமும் பங்கும் எல்லாவற்றையும் விளக்கிவிடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மீதியை விளக்குவது பிள்ளைகளின் திருமணம் என்று நினைக்கிறேன். வரன் பேச வருகிறவர்கள் தெருமுனைக் கடையில், எதிர்வீட்டில், பள்ளிக்கூடத்தில் விசாரிக்கிறார்கள். “அம்மா ரெண்டாம் கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க” என்ற ஒரு வரி மகளின் சம்பந்தத்தைக் கலைத்துவிடும் என்ற பயம் வெறும் கற்பனை அல்ல. ஆகவே 36 வயதில் தனியானவள் மகள் திருமணம்வரை காத்திருக்கிறாள். பிறகு மருமகன் வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று காத்திருக்கிறாள். பிறகு பேரப்பிள்ளை வந்துவிடுகிறது. “இந்த வயசுல எதுக்கு?” என்று கேட்கும் நேரம் வந்துவிடுகிறது. சொந்தச் சாதிக்குள், விசாரித்து, சீர்வரிசை பேசி முடிக்கும் திருமணம் இருக்கும்வரை தாயின் வாழ்க்கை மகளின் சந்தை மதிப்போடு கட்டப்பட்டிருக்கும். சொத்தின் கணக்கு இங்கே கௌரவத்தின் பெயரில் வருகிறது. சம்பளக்காரப் பெண்ணும் இதிலிருந்து தப்ப முடியாது.

ஆண்களின் நிலை வேறு. முப்பது வயதில் மனைவியை இழந்தவருக்கு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று ஆண்டு திரும்புவதற்குள் பெண் பார்க்கிறார்கள்; பல வீடுகளில் மனைவியின் தங்கையையே கேட்கிறார்கள். அவர் மனத்தில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. வருகிற பெண்ணைக் கேட்பது அதைவிடக் குறைவு. அறுபதில் இழந்தவருக்கோ மகன்களே எதிரே நிற்கிறார்கள். உயில் எழுதாமல் இறந்தால் இரண்டாம் மனைவி பிள்ளைகளோடு சமபங்குக்கு வரும் வாரிசு என்பது அவர்களுக்குத் தெரியும். அந்தப் பயத்தைச் சுயநலம் என்று தள்ளிவிடுவது சரியல்ல. தாயின் நகையும் தாய் வீட்டுப் பணமும் போட்டுக் கட்டிய வீடாக அது இருக்கலாம். ஆனால் அதற்கு வழி இருக்கிறது. மறுமணத்துக்கு முன்பே வீட்டில் பிள்ளைகளின் பங்கைச் செட்டில்மெண்ட் பத்திரமாக எழுதிவிட்டு, வரும் மனைவிக்கு ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையை அதே பத்திரத்தில் காப்பாற்றலாம். பத்திர எழுத்தருக்கு இது புதிய வேலையே அல்ல. சொத்துத் தகராறை முன்கூட்டியே தீர்த்துவிட்டால், அப்பாவின் மறுமணத்தை எதிர்க்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் உண்மையில் அம்மாவின் நினைவுக்காக எதிர்த்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

எல்லாப் பெண்களும் மறுமணத்தை விரும்புகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அடித்து உதைத்த ஒருவனிடமிருந்து மரணத்தின் வழியாக விடுபட்டவள், இனி யாருக்கும் சமைத்துக் காத்திருக்க வேண்டாம் என்று நிம்மதியாக மூச்சு விடலாம். சிஸ்டர் சுப்புலட்சுமி 1912இல் சென்னையில் இளம் விதவைகளுக்காகத் தொடங்கிய இல்லம் படிப்பையும் ஆசிரியைப் பணியையும்தான் முன்வைத்தது. அதுவும் விடுதலைக்கான ஒரு வழியாகவே இருந்தது. தனிமையை விரும்பி ஏற்றவளை மறுமணத்துக்குத் தள்ளுவது, விரும்பியவளைத் தடுப்பதைப் போலவே தவறு. ஆனால் ஒருத்தி தனித்திருக்கிறாள் என்பதை வைத்து அவள் அதை விரும்பினாள் என்று முடிவு செய்ய முடியாது. மறுமணம் செய்தால் வருமானம் போகும், பங்கு போகும், மகளின் வரன் போகும் என்ற நிலையில் எடுக்கும் முடிவை அவளுடைய விருப்பம் என்று பதிவு செய்வது நேர்மையாகாது. மாற்றாந்தகப்பனிடம் பிள்ளைகள் படும் துன்பத்தைச் சொல்லி எதிர்ப்பவர்களுக்கும் இதே பதில்தான் பொருந்தும்: தன் பெயரில் வருமானமும் வீட்டில் பங்கும் உள்ள தாய்தான், தவறான வீட்டிலிருந்து பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வர முடியும். மறுமணத்தோடு அவளுடைய பணத்தைப் பறிப்பது, அந்தப் பிள்ளைகளின் பாதுகாப்பையும் பறிப்பது.

இவற்றில் மாற்ற முடியாதது எதுவும் இல்லை. வீரதீர விருது பெற்று உயிர்நீத்த படைவீரரின் மனைவிக்குத் தரப்படும் பணப்படி, அவள் இறந்தவரின் சகோதரனை மணந்தால் மட்டுமே தொடரும் என்று முன்பு ஒரு நிபந்தனை இருந்தது. பணம் குடும்பத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்ற பங்காளிகளின் கணக்கை அரசாணையே ஏற்றிருந்தது. 2017 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சகம் அந்த நிபந்தனையை நீக்கியது. இப்போது அவள் யாரை மணந்தாலும் அந்தத் தொகை வாழ்நாள் முழுவதும் வரும். அதற்கு மக்களின் மனம் மாறும்வரை காத்திருக்கவில்லை. ஓர் ஆணை போதுமானதாக இருந்தது. 1995ஆம் ஆண்டுத் திட்டத்தின் மறுமண விதியையும், மாநில, மத்தியக் குடும்ப ஓய்வூதிய விதிகளில் இருக்கும் மறுமணத் தடையையும், மறுமண நிதியுதவியின் 40 வயது வரம்பையும் இதே போல ஆணைகளாலும் அறிவிக்கைகளாலும் மாற்ற முடியும். மறுமணத்தை ஒட்டி எழுதப்படும் விடுதலைப் பத்திரங்களில், பெண்ணைத் தனியாக அழைத்து அவளுடைய சட்ட உரிமையை விளக்கிவிட்டே பதிவு செய்ய வேண்டும் என்று பதிவுத்துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். மகளின் வரன் கலைந்துவிடும் என்ற பயத்துக்கு இப்படி ஓர் ஆணை கிடையாது. அது சாதிக்குள் பேசி முடிக்கும் திருமணம் தளரும் வேகத்தில்தான் தளரும். ஆனால் கருவூலத்தில் கையெழுத்து வாங்கும் அந்த இரண்டாவது சான்றை அடுத்த நிதியாண்டிலேயே நிறுத்திவிடலாம்.